அம்மாவின் நிலம் ஏலத்துக்குப் போனது... கிராம வீட்டுக் கடனுக்கு மகன் கையெழுத்துப் போட்டார்: அதிபர் ட்ரூமனின் இன்னொரு கதை

ஹாரி ட்ரூமன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஹிரோஷிமாதான். 1945 ஆகஸ்ட்டில் அணுகுண்டு வீச உத்தரவிட்ட அமெரிக்க அதிபர். பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊரில், கையில் முன்பணம் இல்லாத ஒரு குடும்பம் இன்று அரசு உத்தரவாதத்தோடு வங்கிக் கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்குக் குடிபோகிறது. அந்தத் திட்டத்தின் வேரைத் தேடிப் போனால் அங்கேயும் இதே ட்ரூமனின் கையெழுத்து இருக்கிறது. தேதி 1949 ஜூலை 15. அப்போது அவருக்கு வயது 65. உலகத்தின் சக்திவாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சொந்த ஊரில் அவர் குடும்பம் வாழ்ந்த வீடு மாமியார் பேரில்தான் இருந்தது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்துக்கு 9 ஆண்டுகளுக்கு முன்னால், கடன் கட்ட முடியாமல் அவருடைய அம்மாவின் நிலமும் வீடும் ஏலத்துக்குப் போயின. ஏலம் விட்டது தனியார் வங்கியோ வட்டிக்கடைக்காரரோ இல்லை. அரசாங்கம்!

கோதுமையில் போன வீடு

1884 மே 8-ம் தேதி, மிசௌரி மாநிலத்தின் லமார் என்ற சிற்றூரில் பிறந்தார் ட்ரூமன். அப்பா ஜான், கோவேறு கழுதைகளும் கால்நடைகளும் வாங்கி விற்பவர். அம்மா மார்த்தா, கிராண்ட்வியூ என்ற ஊரில் சுமார் 600 ஏக்கர் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். பிள்ளைகளின் படிப்புக்காக 1890-ல் இண்டிபெண்டன்ஸ் நகரத்துக்குக் குடிவந்தார்கள்.

ஓரளவு வசதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம், ட்ரூமன் பள்ளி முடித்த 1901-ஐ ஒட்டிச் சரிந்தது. காரணம், கோதுமை. விதைத்து நஷ்டப்படவில்லை, விலை ஏறுமா இறங்குமா என்று முன்பேர வணிகத்தில் பணம் கட்டி நஷ்டப்பட்டார் ஜான். சேமிப்பு போனது, குடியிருந்த வீடு போனது, மார்த்தாவுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தாக வந்த நிலமும் போனது. கால்நடை வியாபாரத்தில் பெயர் எடுத்த மனிதர், கான்சஸ் சிட்டியில் தானியக் கிடங்குக்கு இரவுக் காவலாளியாகப் போனார். இன்றைக்கு மொபைலில் எஃப் அண்ட் ஓ பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

மகனுக்குக் கல்லூரி இல்லை என்றாகிவிட்டது. ரயில் பாதை ஒப்பந்தக்காரரிடம் கணக்கெழுதினார், வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். 1906-ல் அப்பா கூப்பிட்டார் என்று வேலையை விட்டுவிட்டுக் கிராண்ட்வியூ பண்ணைக்குப் போனார். அடுத்த 11 ஆண்டுகள் ஏர் ஓட்டியும் களத்துக் கணக்குப் பார்த்தும் கழிந்தன. பாட்டி 1894-ல் கட்டிய மரவீடு அது. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது.

1909-ல் பாட்டி இறந்தார். நிலத்தை மார்த்தாவுக்கும் இன்னொரு மகனுக்கும் எழுதி வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். சமரசத்துக்குப் பணம் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். நிலம் தங்கியது, அடமானமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்த மண் கடன் இல்லாமல் இருந்த காலம் குறைவு.

மாமியார் வீடு

1914-ல் அப்பா இறந்தார். பண்ணை முழுவதும் ட்ரூமன் தலையில். சீக்கிரம் பணம் பார்க்கலாம் என்று துத்தநாகச் சுரங்கத்தில் இறங்கினார், தோற்றார். எண்ணெய்க் கிணற்றில் இறங்கினார், அதுவும் தோற்றது. முதல் உலகப் போர் வந்ததும் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸ் போனார், அங்கே கேப்டனானார். திரும்பி வந்து 1919 ஜூனில், பல வருடங்களாகக் காத்திருந்த பெஸ் வாலஸைக் கைப்பிடித்தார். குடிபோனது, இண்டிபெண்டன்ஸில் டெலவேர் தெருவில் இருந்த மாமியார் வீட்டுக்கு. தற்காலிகமாகத்தான் என்று நினைத்திருப்பார்கள். வாஷிங்டனில் இருந்த காலம் போக, கடைசி வரை அவர்கள் முகவரி அதுதான்.

ராணுவ நண்பர் எட்டி ஜேக்கப்சனோடு சேர்ந்து கான்சஸ் சிட்டியில் ஆண்கள் ஆடைக்கடை திறந்தார். போருக்குப் பிந்தைய விலைச்சரிவில் 1922-ல் கடை மூடப்பட்டது. ஜேக்கப்சன் பின்னாளில் திவால் மனு கொடுத்தார். ட்ரூமன் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார். இதை அவரது நேர்மைக்கு அடையாளமாக எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கடனோடு காலம் தள்ளுவது என்றால் என்ன என்று இவ்வளவு நீளமாகப் படித்த அதிபர் அதிகம் பேர் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடை மூடிய அதே ஆண்டு அரசியலுக்கு வந்தார். கான்சஸ் சிட்டியை ஆட்டிப்படைத்த பெண்டர்காஸ்ட் குழுவின் ஆதரவோடு ஜாக்சன் கவுன்ட்டியின் நீதிபதியானார். பேர்தான் நீதிபதி. ரோடு, பாலம், வரி, பட்ஜெட் பார்க்கிற நிர்வாகப் பதவி அது. நம்ம ஊர் மாவட்ட ஊராட்சி மாதிரி. இடையில் ஒருமுறை தோற்றாலும், 1926 தேர்தலில் அந்த அமைப்புக்கே தலைமைப் பதவியை வென்று 1934 வரை நடத்தினார்.

அந்த அமைப்பிடம் ஒரு நிதி இருந்தது. பள்ளிகளுக்கான பணம். சும்மா வைத்திருக்காமல், நிலத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு உள்ளூர் மக்களுக்குக் கடனாகக் கொடுப்பார்கள். வட்டி பள்ளிகளுக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். இந்த நிதி இந்தக் கதையில் மறுபடி வரும்.

35,000 டாலர்

அந்தக் காலத்து அமெரிக்கப் பண்ணைக் கடன் இன்றைய வீட்டுக் கடன் மாதிரி 20, 30 ஆண்டு ஓடுவதில்லை. பெரும்பாலும் 5 ஆண்டு போலக் குறுகிய காலம். இடையில் வட்டி கட்டி, கடைசியில் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவர் வேறொரு கடன் வாங்கி அதை அடைப்பார். விளைச்சல் நன்றாக இருந்து விலையும் இருந்தால் வண்டி ஓடும். 1920-களில் விளைபொருள் விலை விழுந்தது, 1930-களில் பெருமந்தம். வண்டி எங்கே ஓடும்?

1938-ல் கிராண்ட்வியூ நிலத்தின் பேரில் இருந்த பழைய கடன்களை அடைக்க, ஜாக்சன் கவுன்ட்டி பள்ளி நிதியிலிருந்து 35,000 டாலர் கடன் வாங்கப்பட்டது. ட்ரூமன் தலைமை தாங்கி நடத்திய அதே அமைப்பிலிருந்துதான்! அவர் அப்போது அங்கே இல்லை, செனட்டராக வாஷிங்டனில் இருந்தார். இருந்தாலும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்காது, உறுத்தியது.

வட்டி நிலுவை விழுந்தது. அதற்குள் உள்ளூர் அரசியலும் தலைகீழாகிவிட்டது. பெண்டர்காஸ்ட் 1939-ல் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். கவுன்ட்டி நிர்வாகம் ட்ரூமனுக்கு வேண்டாதவர்கள் கைக்குப் போனது. 1940-ல் அவர் மறுபடி செனட்டுக்குப் போட்டியிட்டுத் திணறிக்கொண்டிருந்த நேரம். கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் சுமார் 8,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பினார். அந்த வருஷமே நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டது கவுன்ட்டி. கடன் கொடுத்த கவுன்ட்டியே நிலத்தையும் எடுத்துக்கொண்டது.

அரசியல் பழிவாங்கல் என்றே ட்ரூமன் நம்பினார். நேரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வட்டி பாக்கி இருந்ததும் பொய் இல்லை. பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பணம் அது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி கிடைத்தது.

நிலைகுலைந்தது அம்மா. மார்த்தாவுக்கு அப்போது 87 வயது. மகள் மேரி ஜேனோடு கிராண்ட்வியூ ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். பழகாத வீடு, பழகாத படி. தவறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. தாயைத் தாங்க ட்ரூமனிடம் பெரிய பதவி இருந்தது, நிலத்தை மீட்கப் பணம் இல்லை.

5 ஓட்டில் தப்பிய மசோதா

1945 ஜனவரியில் துணை அதிபர். 82 நாளில் ரூஸ்வெல்ட் இறந்துபோக, ஏப்ரல் 12-ம் தேதி அதிபர். அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும். ஹிரோஷிமா, நாகசாகி, போர் முடிவு.

போர் முடிந்ததும் லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். குடியிருக்க வீடு இல்லை. சொந்தக்காரர் வீட்டில் ஒட்டுக்குடித்தனம், டிரெய்லர், ராணுவத் தகரக் கொட்டகை என்று கிடைத்த இடத்தில் இருந்தார்கள். நகரங்களுக்காவது ஏற்கெனவே வழி இருந்தது. 1934 முதல் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. 1944 சட்டப்படி போர் வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. இவற்றின் பலன் பெரும்பாலும் நகரத்துக்கும் புறநகருக்கும் போய்ச் சேர்ந்தது. கிராமத்தில் வங்கி குறைவு. இருக்கிற வங்கியும் மாதச் சம்பளம் இல்லாத ஆளை நம்பி நீண்ட காலக் கடன் தராது. 1940 கணக்கெடுப்பின்படி அமெரிக்க வீடுகளில் சுமார் 45 சதவீதத்தில் முழுமையான குழாய்த் தண்ணீர், குளியல், கழிப்பறை வசதி இல்லை. கிராமத்தில் நிலைமை இதைவிட மோசம்.

விரிவான வீட்டுவசதி மசோதா ஒன்று ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்தில் இழுத்தடிக்கப்பட்டது. 1948 தேர்தலில் ட்ரூமன் இதையே பிரசாரமாக்கினார். ரயிலில் ஊர் ஊராகப் போய், வேலை செய்யாத நாடாளுமன்றம் என்று திட்டினார். எல்லோரும் தோற்பார் என்று எழுதிவைத்த தேர்தலில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு மசோதா வந்தபோதும் சுலபமாக இல்லை. அதிலிருந்த அரசு வாடகைக் குடியிருப்புப் பகுதியை வெட்டியெறியும் முயற்சி, பிரதிநிதிகள் சபையில் 5 ஓட்டில்தான் தோற்றது.

இந்தச் சண்டை முழுக்க நகரத்துக் குடியிருப்புகளைப் பற்றியே இருந்தது. சட்டத்தின் ஐந்தாம் பகுதியில் இருந்த பண்ணை வீட்டுக் கடன் அதிகம் பேசப்படாமலே நிறைவேறிவிட்டது.

அந்த ஐந்தாம் பகுதியில் என்ன இருந்தது?

வேளாண் துறை, விவசாய நிலம் வைத்திருப்பவருக்கு வீடு கட்டவும் பழுது பார்க்கவும் நேரடியாகக் கடன் கொடுக்கலாம். வட்டி 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 33 ஆண்டு வரை தவணை. ஒரு நிபந்தனை கொஞ்சம் விசித்திரமானது: வேறு எங்கும் நியாயமான முறையில் கடன் கிடைக்காதவராக இருக்க வேண்டும். வங்கி யாரைத் திருப்பி அனுப்புமோ அவருக்குத்தான் இந்தக் கடன். 1946-ல் ட்ரூமன் காலத்திலேயே உருவான விவசாயிகள் இல்ல நிர்வாகம் என்ற அமைப்பு இதை நடத்தியது.

33 ஆண்டு என்றால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு. 5,000 டாலர் கடனை 4 சதவீத வட்டியில் 5 ஆண்டில் அடைக்க வேண்டும் என்றால் வருஷத்துக்கு சுமார் 1,120 டாலர் கட்ட வேண்டும். 33 ஆண்டு என்றால் சுமார் 275 டாலர் போதும். மொத்த வட்டி கூடும்தான். ஆனால் ஒரு மழை பொய்த்தால் வீடே போகும் என்ற நிலை மாறும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் 505-வது பிரிவு. கடன் வாங்கியவர் தன் கையை மீறிய காரணத்தால் கட்ட முடியாமல் போனால், அசல், வட்டி இரண்டையும் நிறுத்திவைக்க அதிகாரம் கொடுத்தது அது. 2020 கொரோனா நேரத்தில் நம்ம இஎம்ஐ-க்கு வந்த மொரட்டோரியம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். மிகவும் நெருக்கடி என்றால் அந்தக் காலத்து வட்டியை ரத்தே செய்யலாம். அதையும் மீறி ஜப்தி வரை போனாலும், நேர்மையாகக் கட்ட முயன்றவராக இருந்தால், மீதிக் கடனுக்காக அவரைத் துரத்தக் கூடாது.

மார்த்தா ட்ரூமனின் கடன் பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால்? அப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் மசோதாவை எழுதியவர் ட்ரூமன் இல்லை. அம்மாவுக்கு நடந்ததை நினைத்து இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது என்று சொல்ல இடமில்லை. இந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அந்தப் பண்ணை தப்பியிருக்குமா என்பது சந்தேகமே. இது வீட்டுக்கான கடன், அவர்களுடையது நிலத்தின் மேல் ஏறிய பழைய கடன். ஒன்று மட்டும் நிச்சயம்: கடன் கொடுப்பது அரசாங்கம் என்பதாலேயே இரக்கம் வந்துவிடாது, அது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துக்கு 1940-லேயே தெரிந்துவிட்டது.

மார்த்தா இதைப் பார்க்க இல்லை. 1947 ஜூலையில், 94 வயதில் காலமானார். ஆனால் அதற்கு முன் ஒரு நல்லது நடந்தது. மகன் அதிபரான பிறகு, ட்ரூமனின் நண்பர்கள் கவுன்ட்டியிடமிருந்து பண்ணையை வாங்கினார்கள். அதில் ஒரு பகுதியை 1946-ல் ட்ரூமனும் தம்பி விவியனும் வாங்கிக்கொண்டார்கள். அதிபரின் அம்மாவுக்குக் கிடைத்த இந்த வழி, பெருமந்தத்தில் நிலத்தை இழந்த மற்ற விவசாயிகளுக்கு எங்கே கிடைத்தது?

வெளியே நின்றவர்கள்

1949 சட்டத்தை ரொம்பவும் புகழ முடியாது. பண்ணை என்பதற்கே அதில் ஒரு வரையறை: 1944 விலையில் ஆண்டுக்குக் குறைந்தது 400 டாலருக்கு விளைய வேண்டும். நிலம் இருப்பவருக்கே கடன். குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர், கூலித் தொழிலாளி ஆகியோருக்கு வீடு வேண்டும் என்றால் நில உரிமையாளர் மனது வைத்துக் கடன் வாங்கிக் கட்டித்தர வேண்டும். கிராமத்தில் இருக்கும் ஆசிரியருக்கோ மெக்கானிக்குக்கோ இடமே இல்லை.

மனுக்களைப் பரிசீலித்தது உள்ளூர் ஆட்கள் மூன்று பேர் கொண்ட குழு. தென் மாநிலங்களில் அந்தக் குழுக்களில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பின விவசாயிகள் எவ்வளவு ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதை அமெரிக்காவின் சிவில் உரிமை ஆணையமே 1965-ல் அறிக்கையாக எழுதியது. அதே 1949 சட்டத்தின் இன்னொரு பகுதி, நகரச் சேரிகளை இடிக்கப் பணம் கொடுத்தது. அதில் வீடிழந்தவர்களிலும் கறுப்பின மக்கள் ஏராளம். 6 ஆண்டில் கட்டுவோம் என்ற 8,10,000 அரசுக் குடியிருப்புகள் கட்டி முடிய சுமார் 20 ஆண்டு ஆனது.

திருத்தங்கள் மெதுவாக வந்தன. 1961-ல் விவசாயி அல்லாத கிராமவாசிகளுக்கும் கதவு திறந்தது. 1965-ல் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கவும் கடன் கிடைத்தது. 1968-ல் ஏழைகளுக்கு வட்டி மானியம் வந்தது. 1990-ல் இன்னொரு வடிவம்: கடனை வங்கி கொடுக்கும், அதற்கு அரசு உத்தரவாதம் நிற்கும். கடன் வாராக்கடனானால் 90 சதவீதம் வரை நஷ்டத்தை அரசு ஏற்கும். அந்தத் தைரியத்தில்தான் வங்கி முன்பணம் கேட்காமல் கொடுக்கிறது. குடும்ப வருமானம், அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊரும் அரசு வரையறைப்படி கிராமப்புறமாக இருக்க வேண்டும். சில இடங்களில் 35,000 பேர் வாழும் ஊர்கூட அந்தக் கணக்கில் வரும்.

அரசு நேரடியாகக் கொடுக்கும் பழைய வகைக் கடனும் தொடர்கிறது. வருமானம் குறைவானவர்களுக்கு வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். தவணை நிறுத்திவைக்கும் அந்த 505-வது பிரிவு இன்றும் இந்தக் கடன்களுக்கு உயிரோடு இருக்கிறது.

ஊர் திரும்பியவர்

1952 டிசம்பரில், மாமியார் மேட்ஜ் வாலஸ் வெள்ளை மாளிகையிலேயே இறந்தார். அடுத்த மாதம் பதவி முடிந்து ட்ரூமனும் பெஸ்ஸும் ரயிலேறி இண்டிபெண்டன்ஸ் திரும்பினார்கள். பெஸ்ஸின் சகோதரர்களுக்குச் சேர வேண்டிய பங்குக்குப் பணம் கொடுத்த பிறகுதான் டெலவேர் தெரு வீடு அவர்களுடையதானது. கல்யாணமாகி 33 ஆண்டு தாண்டியிருந்தது.

கிராண்ட்வியூ நிலமும் கடைசியில் பணம் கொடுத்தது, ஆனால் விளைச்சலில் இல்லை. கான்சஸ் சிட்டி விரிந்து ஊர்ப்பக்கம் வந்துவிட்ட 1950-களில், நிலத்தின் பெரும்பகுதியை வணிக வளாகம் கட்டுவதற்காக விற்றார்கள். ட்ரூமன் கார்னர்ஸ் என்று பெயர். ட்ரூமன் ஏர் ஓட்டிய மண்ணில் கடைகளும் கார் நிறுத்துமிடமும் வந்தன.

1972 டிசம்பர் 26-ம் தேதி, 88 வயதில் அவர் இறந்தார். அந்த 600 ஏக்கரில் இப்போது சில ஏக்கர்தான் மிச்சம். வழக்கு, அடமானம், ஜப்தி, ஏலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பாட்டி கட்டிய அந்த மரவீடு மட்டும், அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையின் பராமரிப்பில், வணிக வளாகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.